அகதி ஆதம்பாவாவின் கணக்கு

வலைக்கடை அபூதாஹிர் முதலாளியின் கொம்பியூட்டர் ஆமையாகிப் போய்ப் பல மாதங்களாகியிருந்தன. ஒரு சுருள் நைலோன் நூலுக்குப் பில் போட்டால், அது அச்சுப்பொறியிலிருந்து வெளியே வருவதற்குள், வாங்க வந்தவர் எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்து, அங்கே நின்றவர்களோடு சமாதானம் நிலைக்குமா நிலைக்காதா என்று ஒரு சண்டையும் பிடித்துவிட்டுத் திரும்பி வரலாம். "கையால எழுதின காலத்தில இதவிடக் கெதியா வித்தம்" என்று முதலாளி சொல்லும்போதெல்லாம் அவருடைய பார்வை கொம்பியூட்டரில் இருக்காது. அதன் முன்னால் இருக்கும் பூரணியில் இருக்கும்.

பூரணி பதில் சொல்லமாட்டாள். அவள் பேசிக் கேட்டவர்கள் குறைவு. மேசை லாச்சிக்குள் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை விரித்துக்கொண்டால், துறைமுகத்தில் கப்பல் ஊதினாலும் தலை நிமிராது. "அந்தப் புள்ள வாயத் துறந்தா கடல் வத்திப் போகும்" என்று முதலாளி வாடிக்கைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும், சாவிக்கொத்தை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்.

போர்நிறுத்தம் கையெழுத்தாகிச் சில மாதங்கள் கடந்திருந்த இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு அது. கடலுக்குப் போகும் நேரக்கட்டுப்பாடு தளரத் தளர, வலையும் நூலும் மிதவையும் தேடி ஆட்கள் வந்தார்கள். வியாபாரம் வேகமெடுத்த நேரம் பார்த்துக் கொம்பியூட்டர் படுத்துக்கொண்டது. கணக்கு மென்பொருளைப் போட்டுக்கொடுத்த சோமசேகரம் வந்து பார்த்தான். வாங்கிய நாளிலிருந்து எல்லா வருடத்துக் கணக்கும் ஒரே கோப்பில் கிடக்கிறது, ஒவ்வொரு பில்லுக்கும் அது அத்தனையையும் புரட்டிப் பார்க்கிறது, உள்ளே இடமும் இல்லை என்றான். பழைய வருடங்களைப் பிரித்து ஒதுக்கி வைக்கவேண்டும். மார்ச் முடியும்வரை உள்ளதைச் சுருக்கிப் பூட்டிவிட்டு, மிகுதியை மட்டும் புதுக் கோப்புக்குக் கொண்டுவந்தால் மெசின் பறக்கும்.

"பூட்டினால் பூட்டினதுதான் அக்கா. பாக்கலாம், பிறின்ட் எடுக்கலாம். ஒரு எழுத்துக்கூட மாத்த ஏலாது. அதுதான் அதின்ர பாதுகாப்பு. எல்லாம் சரியோ எண்டு ஒருக்காப் பாத்திட்டீங்கள்தானே?"

பூரணி தலையாட்டினாள். அவள் பார்த்துத்தான் இருந்தாள், ஒவ்வொரு தொகையாக. பெயர்களைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தினம் தினம் கண்ணில் படுகிற பெயர்களை யார் வாசிக்கிறார்கள்?

சோமசேகரம் முழுவதையும் பிளொப்பிகளில் இரண்டு கட்டாக நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பழையதைப் பூட்டினான். அன்று பில் அடித்த வேகத்தைப் பார்த்து முதலாளி எல்லோருக்கும் நெஸ்பிரே பாலில் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த கிழமை, புதன்கிழமை காலை ஆதம்பாவா வந்தார். டவுனுக்கு அக்கரையில் கிண்ணியாவில் இருப்பவர், குடாக்கடலில் மீன்பிடித் தொழில் செய்பவர். கடையில் கடனுக்கு வலை எடுத்தால் தவணை தப்பாமல் கொண்டுவந்து வைக்கிற மனிதர். அன்று வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். தலைமுடியில் எண்ணெய் மினுங்கியது.

"பூரணித் தங்கச்சி, எனக்கு ஒரு கடதாசி வேணும். பேங்கில போட்டுக்கு லோன் குடுக்கிறானாம். ஃபைபர் போட், இஞ்சினோட. இத்தின வருசமா தொழில் செய்றன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி எண்டு கேட்டான். ஒங்கட கடையிலதானே என்ட சரித்திரம் எல்லாம் கிடக்கு?"

பூரணி பூட்டிய கணக்கைத் திறந்து, அவருடைய வருடங்களை ஒவ்வொன்றாக அச்செடுத்தாள். துளையிட்ட தாள் மடிந்து மடிந்து விழுந்தது. முதலாளி கடை முத்திரையை ஊதி ஈரப்படுத்திக் குத்தினார். ஆதம்பாவா அதை மடிக்காமல், கைக்குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

மறுநாள் அதே தாளைக் கொண்டு திரும்பி வந்தார். இம்முறை கூடவே அவர் மனைவி நஜ்முன் நிஸாவும் வந்திருந்தாள். அவர் முகம் வாடியிருந்தது. அவள் முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆதம்பாவா, லோன் சரியா?" என்றார் முதலாளி.

"பேர் சரியில்லையாம்."

தாளை மேசையில் விரித்தார். எல்லாப் பக்கத்திலும் தலையில் ஆங்கில எழுத்தில் ஒரே பெயர்: அகதி ஆதம்பாவா. கீழே முகவரி: அகதி முகாம், கிண்ணியா.

"அடையாள அட்டையில மீராசாகிபு ஆதம்பாவா. இதில இப்பிடி. பேங்கில இரிக்கிற பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அகதி எண்டுறது வாப்பாட பேரா எண்டு கேட்டார்."

முதலாளிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். "நீ என்ன சொன்ன?"

"என்ட வாப்பா நிலாவெளியில சொந்த வளவில மௌத்தான மனிசன். அவர் ஒரு நாளும் அகதியா இரிக்கல்ல எண்டு சொன்னன். அது அவருக்கு விளங்கல்ல."

கடையில் மூன்று ஆதம்பாவாக்கள் வாடிக்கை. இஞ்சின் திருத்துகிறவர் இஞ்சின் ஆதம்பாவா. கட்டையானவர் சின்ன ஆதம்பாவா. முஹம்மது தம்பிகளோ கணக்கில்லை. ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் இல்லாவிட்டால் ஒருவருடைய வலை இன்னொருவருடைய கணக்கில் ஏறிவிடும். அப்படி ஏறி, ஒருமுறை கடைக்குள்ளேயே கைகலப்பு நடந்தும் இருக்கிறது. ஆகவே கொம்பியூட்டர் வந்த நாளில் பூரணி பட்டப்பெயர்களோடுதான் எல்லோரையும் உள்ளே ஏற்றினாள். இந்த ஊரில் அது ஒரு வசையே அல்ல. ஆனால் வங்கிக்காரரின் மேசையில் அந்தச் சொல் வேறொன்றாக இருந்திருக்கும். ஐந்து வருடமாகக் கண்ணில் பட்ட சொல்லை இப்போதுதான் அவள் வாசித்தாள்.

"இதென்ன பெரிய காரியமா?" என்றார் முதலாளி. "அகதி ஆதம்பாவாவும் மீராசாகிபு ஆதம்பாவாவும் ஒராள்தான் எண்டு நான் கடிதம் தாறன். பூரணி, அடிங்க."

கடிதம் அச்சாகி வந்தது. முத்திரை விழுந்தது. ஆதம்பாவா நிம்மதியோடு கையை நீட்டினார். அவருக்கு முன் நஜ்முன் நிஸாவின் கை நீண்டது.

"இதில என்ன எழுதியிரிக்கி? வாசிங்க புள்ள."

பூரணி வாசித்தாள். வாசித்து முடிக்குமுன்பே அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஹாஜியார், கோவிக்கக் கூடாது," என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னாள் நஜ்முன் நிஸா. "ஒரு கடதாசியில அகதி எண்டிருந்தது. இப்ப ரெண்டு கடதாசியிலயும் அகதி எண்டு இரிக்கி. இது கொழும்புக்குப் போகுமாம். அங்க தமிழ் வாசிக்கத் தெரிஞ்சவன் இரிப்பான். இவர மனிசனாப் பாத்தா லோன் தருவான், அகதியாப் பாத்தா அரிசி மூட்டதான் தருவான். எங்களுக்கு அரிசி வேணாம்."

"இஞ்ச பாரு, வேலை முடிஞ்சாப் போதாதா?" என்றார் ஆதம்பாவா மெல்ல.

"நீங்க சும்மா இரிங்க. ஆரு புள்ள இவருக்கு இந்தப் பேர வெச்ச?"

பூரணிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. நிலாவெளியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த மெலிந்த ஒரு மனிதர் மேசையில் கையூன்றி நின்றார். எந்த ஆதம்பாவா என்று அவள் கேட்டாள். அவர் சொன்னார், அவள் எழுதினாள். அதைச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் அது இந்த மனிதரின் தலையில் விழும். அவள் அச்சுப்பொறியின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் எழுதினனான், ராத்தா."

வெளியே தெருவில் ஒரு லொறி பின்னுக்குப் போகும் சத்தம் கேட்டது.

"அவ எழுதினா," என்றார் ஆதம்பாவா. "சொன்னது நான்."

நஜ்முன் நிஸா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த ஆதம்பாவா எண்டு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ற? ஊரச் சொன்னா ஊர் இல்ல. தொழிலச் சொன்னா வள்ளம் இல்ல. அப்ப இரிந்தது அது ஒண்டுதான். பிறகு பழகிட்டு. வாசல்ல நிண்டே நான் அகதி ஆதம்பாவா வந்திரிக்கன் எண்டுதான் கூப்பிடுற."

இத்தனை வருடமாகக் கணவர் கடைக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார் என்பதை அந்தப் பெண் அப்போதுதான் அறிந்தாள். கொதிப்பு அடங்கி, முகம் வேறு மாதிரியானது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் பேசாமல் நிற்பதைப் பார்க்க முதலாளிக்கே பயமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து போய் மின்விசிறியைப் போட்டார்.

பூரணியும் தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் சில மாதம் ஒரு பள்ளிக்கூட முகாமில் பாய் விரித்துப் படுத்தவள்தான். அவளுக்கு யாரும் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை, அதனால் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்ததால் தப்பியவள், வாய்திறந்து சொன்ன ஒருவரைக் கல்லில் வெட்டிய மாதிரி எழுதி, போன கிழமை பூட்டும் போட்டிருக்கிறாள்.

"மாத்தலாம்," என்றாள்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"பூட்டினத மாத்த ஏலாது. பூட்ட முந்தி எடுத்த நகல் இருக்கு. அதைத் திருப்பி மெசினுக்குள்ள ஏத்தினால் பேரைத் திருத்தலாம். ஒரு இடத்தில திருத்தினால் எல்லா வருசத்திலயும் மாறும். பிறகு திரும்பப் பூட்டவேணும்."

"அப்ப செய்யன் புள்ள, என்ன யோசின?" என்றாள் நஜ்முன் நிஸா.

பூரணி முதலாளியைப் பார்த்தாள். அவருக்கு விடயம் புரிந்துவிட்டது. "மெசினில இடமில்ல எண்டுதானே ஒதுக்கினது? பழையத ஏத்துறெண்டா புதிய கணக்க வெளிய எடுக்கோணும். என்ன?"

"ஓம். எடுத்துப் பிளொப்பியில வைச்சிட்டுத்தான் ஏத்தலாம். திரும்பப் பூட்டினால் புதுக் கோப்பும் புதிசாத்தான் வரும், போன கிழமையில இருந்து போட்ட பில்லெல்லாம் நான் திரும்ப அடிக்கவேணும்."

"இடையில கரண்ட் போனா?"

பூரணி பிளொப்பிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இப்பதான் ஆமை குதிரையாகியிரிக்கி. ஒரு எழுத்துக்காக ரெண்டு கணக்கையும் கடல்ல போடச் சொல்ற." முதலாளி கதிரையில் சாய்ந்து, நெற்றியைத் தேய்த்தார். ஆதம்பாவா கடிதத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைக்கத் தொடங்கினார். அந்த மடிப்பைத்தான் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. கடை பூட்டு. நீங்க வந்து செய்ங்க. சனிக்கிழம காலையில நான் வரக்குள்ள மெசின் இப்ப ஓடுற மாதிரி ஓடோணும். இல்லாட்டி அதத் தூக்கிக் குசினிக்குள்ள வெச்சிட்டுக் கையெழுத்துக் கொப்பிக்குப் போற. கொப்பிக்கு இன்னொராளும் தேவல்ல, நானே எழுதுவன். விளங்கிச்சா?"

பூரணிக்கு நன்றாகவே விளங்கியது.

கதை பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. பின்னேரம் கடை மூடும் வேளையில் கிழவர் முஹம்மது தம்பி ஓடாத குறையாக வந்து சேர்ந்தார். கணக்கில் அவர் பல்லன் முஹம்மது தம்பி.

"தங்கச்சி, எல்லாருக்கும் பேர் மாத்துறீங்களாமே? என்ட பேரத் தொடக் கூடாது, சொல்லிட்டன்."

"நல்ல பேர்தானே போடப்போறம், அப்பா."

"எனக்கு நல்ல பேர் வேணாம். கிண்ணியாவில முஹம்மது தம்பி எண்டு கூப்பிட்டா அரைவாசி ஊர் திரும்பிப் பாக்கும். பல்லன் எண்டா நான் மட்டும்தான் திரும்புவன்." வாயைத் திறந்து காட்டினார். மேலும் கீழும் வெறும் பல்முரசு. "பல்லெல்லாம் போயிட்டு. பேராவது இரிக்கட்டும்."

பூரணி சிரித்தாள். அவள் சிரிப்பதைக் கண்ட கிழவர் ஏதோ பெரிய காரியம் சாதித்தவரைப் போலத் திரும்பிப் போனார். அவர் போன பிறகு அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு மானமாக இருப்பது இன்னொருவருக்கு முள்ளாக இருக்கிறது. இரண்டையும் ஒரே விரலால்தான் அவள் அடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கதவில் ஒரு பலகையை மட்டும் திறந்துகொண்டு உள்ளே போனாள். புதுக் கணக்கை முதலில் பிளொப்பிகளுக்கு எடுத்தாள். எடுத்ததைத் திரும்பத் திறந்து பார்த்து உறுதிப்படுத்தினாள். பிறகு மெசினிலிருந்து அதை அழித்தாள். அழிக்கவா என்று மெசின் கேட்டபோது, ஓம் என்பதற்கான எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். அழுத்திய பிறகு ஒன்றும் நடக்காததுபோல இருந்தது. பெரிய காரியங்கள் பலவும் அப்படித்தான் நடந்திருக்கின்றன.

பழைய நகலை ஒவ்வொரு பிளொப்பியாகக் கொடுத்தாள். மெசின் முனகியபடி ஒவ்வொன்றையும் விழுங்கிற்று. பாதி தாண்டியபின் ஒரு பிளொப்பியில் வந்து நின்றது. கரகரவென்று அரைத்தது. வாசிக்க முடியவில்லை என்றது. வெளியே எடுத்து ஊதி, துடைத்து, மறுபடி கொடுத்தாள். மறுபடியும் அரைத்தது. கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? கடைக்குள் இரும்பு ஆணியும் துருப்பிடிக்கிறது, பூட்டும் துருப்பிடிக்கிறது.

இப்போது மெசினுக்குள் திருத்தக்கூடிய பழைய கணக்கும் இல்லை, புதுக் கணக்கும் இல்லை. புதியதைத் திரும்ப ஏற்றிவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடலாம். முதலாளி சந்தோஷப்படுவார். ஆதம்பாவா மடித்த கடிதத்தோடு வங்கிக்குப் போவார். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த மௌனம் அது.

கடையில் ஒரு வழமை இருந்தது. தொண்ணூறில் கடை எரிந்தபோது கணக்குப் புத்தகங்களும் எரிந்து போயின. அதன்பிறகு முதலாளி ஒரு சட்டம் வைத்தார். எந்தக் கணக்கானாலும் தண்ணீருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கொப்பி எழுதிய காலத்தில் காபன் தாள் வைத்து எழுதி, ஒரு பிரதியைக் கிண்ணியாவிலுள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பிளொப்பி வந்த பின்னும் அந்தச் சட்டம் மாறவில்லை. சோமசேகரம் இரண்டு கட்டு எடுத்தது அதனால்தான். ஒரு கட்டு அக்கரையில் இருக்கிறது.

பூரணி தொலைபேசியை எடுத்தாள். மறுமுனையில் முதலாளியின் மனைவி, அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார் என்றாள். பூரணி காத்திருந்தாள். லாச்சியில் நாவல் இருந்தது. அதை எடுத்து விரித்தாள். வாசிக்க முடியவில்லை. தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

தொலைபேசி அடித்தது.

"என்ன, கவுண்டுட்டா?" என்றார் முதலாளி.

"ஒரு பிளொப்பி பழுது. உங்கட வீட்டில இருக்கிற கட்டு வேணும்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "சனிக்கிழம காலை எண்டு நான் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்கள்."

"நான் வர ஏலாது, வீட்ட விருந்தாள் இரிக்கி. ஆரிட்டயாவது குடுத்து விடுறன்." வைக்கப் போனவர் திரும்பவும் பேசினார். "சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அதான் பிளொப்பியும் வேலை செய்யல்ல. போய்ச் சாப்பிடுங்க."

கிண்ணியாத் துறையில் ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவையை அங்கே எல்லோரும் பாதை என்றுதான் சொல்வார்கள். பாதையில் கடந்து, பஸ் பிடித்து, சோதனைச் சாவடி தாண்டி வர நேரமெடுக்கும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபிறகு பலகை இடைவெளியில் நிழல் விழுந்தது. ஆதம்பாவா மாரி பிஸ்கட் டின் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பின்னால் நஜ்முன் நிஸா நின்றாள்.

"ஹாஜியார் ஆளனுப்பி என்னக் கூப்பிட்டார். ஒன்ட பேர நீயே தூக்கிட்டுப் போ எண்டார்."

"செக்பொயின்டில பிடிச்சுக்கொண்டாங்க," என்றாள் நஜ்முன் நிஸா. "டின்னத் துறந்து பாத்திட்டு, சி.டி.யா, படமா எண்டு கேட்டான். இவர் என்ன சொன்னார் தெரியுமா?"

"என்ன சொன்னவர்?"

"என்ட பழைய பேரு எண்டார். அவனுக்கு ஒண்டும் விளங்கல்ல. போ எண்டிட்டான்."

டின்னுக்குள் அந்துருண்டை வாசம். முதலாளி வீட்டு அலுமாரிக்குள் பட்டுச் சாரிகளோடு கிடந்த பிளொப்பிகள். பூரணி அதே எண்ணிட்டதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மெசின் யோசித்தது. முனகல் ஒரே சீராக வந்தது, அரைக்கவில்லை. மிச்சமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின.

பழைய ஆமை மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒரு பெயரைத் திறக்க அது எடுத்த நேரத்தில் நஜ்முன் நிஸா கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, வலையின் விலையையும் விசாரித்துவிட்டாள். கடைசியில் அந்தக் கட்டம் திறந்தது. பூரணி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பழைய பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி அழித்தாள். பிறகு மீராசாகிபு ஆதம்பாவா என்று அடித்து, எழுத்து எழுத்தாக அட்டையோடு ஒத்துப் பார்த்தாள்.

"மாறிட்டா?" என்றார் அவர்.

"மாறிட்டுது. எல்லா வருசத்திலயும்."

"முதல் நாளிலயுமா?"

"முதல் நாளிலயும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்களைத் துடைத்தாரா, வியர்வையைத் துடைத்தாரா என்று பூரணி பார்க்கவில்லை. திரையிலேயே கண்ணை வைத்திருந்தாள். அடுத்த கட்டத்தில் அகதி முகாம், கிண்ணியா என்று கிடந்தது. முகாம் மூடிப் பல காலம்.

"நானா, விலாசம் என்ன போடுறது?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"கிண்ணியாதான். மச்சான்ட வளவு. மனிசிட தம்பிட பேரப் போட்டு, அவர்ட வீடு எண்டு போடுங்க." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் தம்பியின் வீடுதானே, அவள் எதுவும் சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்.

நஜ்முன் நிஸா விலை விசாரித்த வலையின் ஓரத்தை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பூரணி அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பது அவளுக்குத் தெரிந்த வேலை.

"நிலாவெளி எண்டு போடுங்க புள்ள."

"ஒனக்கென்ன பைத்தியமா?" என்றார் ஆதம்பாவா. "அங்க என்ன இரிக்கி? கூரை இல்ல, கதவு இல்ல. பத்தையும் கிணறும்தான் இரிக்கி."

"கிணறு இரிக்கிதானே."

"ஆமி விட்டானெண்டா..."

"போன மாசம் போன ஆக்கள் பாத்திட்டு வந்தாங்களா இல்லையா? நாலு வீட்டுக்காரர் கொட்டில் போட்டிட்டாங்க. தமிழாக்களும் வந்திட்டாங்களாம். போட் எடுத்துக் குடாவுக்குள்ள சுத்திட்டு இரிக்கவா லோன் கேக்கிற? அந்தக் கடலுக்குத்தானே கேக்கிற? பிறகென்ன, விலாசத்த மட்டும் என்ட தம்பிட வளவுக்குள்ள ஒளிச்சு வைக்கிற?"

ஆதம்பாவா கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய கையில் வலைக்கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன. அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"பேங்கால விலாசம் பாக்க வந்தா என்ன செய்ற?"

"வரட்டும். வாறதுக்குள்ள ஒரு கொட்டில் போட ஏலாதா ஒங்களால?"

அவர் பூரணியைப் பார்த்தார். அது உதவி கேட்கும் பார்வையா, சாட்சி கேட்கும் பார்வையா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"நிலாவெளியில எவடம் நானா?" என்றாள் அவள்.

"பள்ளியடி ஒழுங்க," என்றார் மெதுவாக. "பெரிய ரோட்டால உள்ளுக்கு இறங்கினா இடக்கைப் பக்கம்..."

"வலக்கை," என்றாள் நஜ்முன் நிஸா.

"இடக்கை. நான் பிறந்து வளந்த ஒழுங்க, எனக்கு நீ சொல்லித் தாறியா?"

"டவுனால வந்தா வலக்கை. கடலால ஏறி வந்தா இடக்கை. நீங்க எந்த நாளும் கடலாலதானே வீட்டுக்கு வந்த நீங்க?"

அவர் கண்ணை மூடி ஒரு முறை அந்த ஒழுங்கைக்குள் நடந்து பார்த்தவர்போல இருந்தார். பிறகு முதல் தடவையாக அன்று சிரித்தார்.

"ஓம். டவுனால வந்தா வலக்கை. பேங்கான் டவுனாலதான் வருவான். அப்பிடியே போடுங்க தங்கச்சி. வலப்பக்கம் மூணாவது வளவு."

"ரெண்டாவது," என்றாள் நஜ்முன் நிஸா. "மூணாவது ஒங்கட பெரியப்பாட வளவு."

"ரெண்டுக்கும் இடையில வேலி இரிந்ததா? ஒண்டாத்தானே கிடந்தது?"

"எண்டாலும் ரெண்டாவது."

அன்றைய பாதை ஓடி முடிய இன்னும் நேரம் இருந்தது. கரண்ட் இருந்தது. பூரணிக்கு அன்று செய்ய நிறைய மிச்சமிருந்தது; அச்செடுத்துக் கொடுக்க வேண்டும், பழையதைத் திரும்பவும் சுருக்கிப் பூட்ட வேண்டும், மிகுதியைப் புதுக் கோப்புக்குக் கொண்டுவந்து ஒரு கிழமைப் பில்களை அடிக்க வேண்டும். அவள் எழுத்துப் பலகையில் விரல்களை வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் தங்கள் வளவைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாள்.